சீனாவில் கிடைத்த கஞ்சி!

"என்ன டாக்டரய்யா, சீனா போயிட்டு வந்தீங்களாமே... பாம்பு, தவளையெல்லாம் சாப்பிட்டீங்களா?"

ஊர் திரும்பியதும் என் வைத்தியசாலைக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். "கஞ்சி குடிச்சேன்" என்றேன். அவர்கள் முகத்தில் ஏமாற்றம்!

பாரம்பரிய மருத்துவக் கூட்டம் ஒன்றுக்காகத் தென் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போயிருந்தேன். நான் அசைவம் தொடாதவன். முதல் நாள் மதியம் பெரிய வட்ட மேஜை, நடுவே சுழலும் கண்ணாடித் தட்டு, அதில் ஏகப்பட்ட பதார்த்தங்கள். பச்சைப் பசேலென்று கீரை வதக்கல் ஒன்று சுற்றி வந்தது. 'அப்பாடா!' என்று கை நீட்டினேன். "அதில் சிப்பி சாஸ் சேர்த்திருக்கிறார்கள்" என்று காதோடு சொன்னாள் மொழிபெயர்ப்பாளர் பெண். கடைசியில் வெறும் சோறுதான்.

போதாக்குறைக்கு, எழுந்து போகும்போது சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்துவிட்டேன். மேஜையே ஒரு கணம் அமைதியாகிவிட்டது. இறந்தவர்களுக்குப் படைக்கும்போது ஊதுவத்தி நடுவதை நினைவுபடுத்துமாம் அது! பக்கத்திலிருந்த முதிய பேராசிரியர் ஒரு வார்த்தை பேசாமல், சிரித்தபடியே குச்சிகளை எடுத்துப் படுக்க வைத்தார். நம் பந்தியில் ஒரு வெளிநாட்டுக்காரர் இடது கையால் பரிமாறினால் நாம் இவ்வளவு பொறுமையாக இருப்போமா?

மறுநாள் காலை வயிறு சரியில்லை. விடுதியின் உணவுக்கூடத்துக்குப் போனால், பெரிய பாத்திரத்தில் ஆவி பறக்க வெள்ளைக் கஞ்சி! அரிசியைப் பத்து மடங்குக்கு மேல் தண்ணீர் விட்டுக் குழையக் குழைய வேகவைத்தது. கோட்டு சூட்டுப் போட்டவர்கள் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் மொழியில் அது 'ஜூக்'. ஆங்கிலப் பலகையில் 'கான்ஜி' என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் 'கஞ்சி' என்ற சொல்தான் போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது!

முதல் வாய் குடித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. எண்பது வயது. தினமும் காலையில் நொய்க் கஞ்சியும் துவையலும்தான். ஒருநாள் வீட்டுக்கு முக்கியமான விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "உள்ளே போய்க் குடியேம்மா" என்று சொன்னவன் நான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, நோயாளிகளுக்கெல்லாம் கஞ்சியின் பெருமை பேசும் நானே!

அங்கே நான் பார்த்த இன்னொரு சங்கதி. எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிட்டால் 'உடம்பு சூடு' என்று அவர்களும் சொல்கிறார்கள். அதற்குத் தெருவிலேயே கசப்பு மூலிகைக் கஷாயம் விற்கிறார்கள். 'குளிர்ச்சித் தேநீர்' என்று அதற்குப் பெயர். 2006-ல் சீன அரசு அதைத் தேசியப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. நம் நிலவேம்பு அவர்களுடைய மருந்துகளிலும் உண்டு.

ஆனால், 'பழசு எல்லாமே நல்லது' என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் நான் வைத்தியனே அல்ல. குவாங்சோ பக்கத்தில் விரும்பிச் சாப்பிடும் சீன முறை உப்புக் கருவாடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் முதல் பிரிவில் இருக்கிறது. சோயா சாஸில் உப்பு மிக அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு என்று 2016-ல் எச்சரித்திருக்கிறார்கள். சூடான டீயை 'ஒரே மடக்கில்' குடிப்பவர்கள் கவனிக்கவும்!

கஞ்சிக்கும் இதே நியாயம்தான். குழைந்த அரிசிக் கஞ்சி ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் அளவைக் குறைத்து, பயறு, காய்கறி சேர்த்து, தங்கள் மருத்துவரைக் கேட்டுக் குடிப்பதே நல்லது.

நம் தெருமுனையில் இரவு பத்து மணிக்கு ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் வாங்கித் தின்றுவிட்டு, "சைனீஸ் சாப்பாடு ஒத்துக்கலை டாக்டர்" என்று வருகிறார்களே... அந்த மஞ்சூரியன் நம் நாட்டிலேயே பிறந்தது! நான் கேட்ட சீனர்கள் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. நம் எண்ணெய்ச் சட்டி செய்யும் தப்புக்கு அவர்கள் மீது ஏன் பழி? அவர்கள் கஞ்சியை நட்சத்திர விடுதியில் கௌரவமாக வைத்திருக்கிறார்கள். நாம் காய்ச்சல்காரனுக்கும் கிழவிக்கும் என்று ஒதுக்கிவிட்டோம்.

ஊர் திரும்பிய அன்று காலை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குச் சூடா இட்லி இருக்கேடா" என்றார்.

"இருக்கட்டும்மா, எனக்கும் இதையே ஊத்து" என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது அடுக்களை மூலையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கலாம். அவர்களைக் கூடத்துக்குக் கூட்டி வாருங்கள். நீங்களும் ஒரு கிண்ணம் கேளுங்கள்.