கம்ப்யூட்டர்களும் பேசிப் பழகட்டும்!

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார் என் மாமனார். அவர் கொண்டு வந்த லேப் ரிப்போர்ட்டைப் பார்த்த மாமியாருக்குக் கை கால் ஓடவில்லை.

"வெறும் வயித்துல சர்க்கரை ஒன்பதுதான்னு போட்டிருக்கே! அடியே, ஒரு ஸ்பூன் சர்க்கரை கொண்டா!"

நல்லவேளை, அதற்குள் எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டேன். சிரித்தார். "அங்கே மில்லிமோல் கணக்கும்மா. நம்ம ஊர் மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல பெருக்குங்க. 162 வரும். சர்க்கரை குறையலை, கூடியிருக்கு!"

டாக்டர் மனுஷர். யோசித்துப் புரிந்துகொண்டார். ஆனால் ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு வெறும் '9' என்று மட்டும் அனுப்பினால்? பென்சிலின் அலர்ஜி என்று ஒன்றில் பதிந்தது, அடுத்ததில் காலியிடமாக வந்தால்? உயிர் சமாச்சாரம் அல்லவா!

இதற்காகத்தான் பொது விதிமுறைகள் இருக்கின்றன. எந்த லேப் டெஸ்ட் என்று சொல்ல 'லாயிங்க்' குறியீடு, நோயைச் சொல்ல 'ஸ்னோமெட்', எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் அனுப்ப 'ஃபயர்' என்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

விதிமுறை இருந்தால் மட்டும் போதுமா? ஒரே சமையல் குறிப்பை வைத்து நாலு வீட்டில் சாம்பார் வைத்தால் நாலு ருசிதானே வருகிறது! அதனால்தான் ஐ.எச்.இ. என்ற அமைப்பு 1999 முதல் 'கனெக்டத்தான்' நடத்துகிறது. போட்டிக் கம்பெனிகளின் இன்ஜினீயர்கள் ஒன்றுகூடி, ஒருவர் சாஃப்ட்வேர் அனுப்பும் தகவலை மற்றவர் சாஃப்ட்வேர் சரியாகப் புரிந்துகொள்கிறதா என்று சோதிக்கிறார்கள். பார்த்து 'பாஸ்' போட நடுவர்களும் உண்டு.

நம் நாட்டில் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தொடங்கியது. விருப்பப்பட்டால் 14 இலக்க 'ஆபா' எண் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் இதில் சேர வேண்டுமானால், சோதனைத் தளத்தில் தேற வேண்டும். அதில் மூன்று முக்கியக் கட்டங்கள்: எண் உருவாக்குவது, நம் ரிப்போர்ட்டைத் தருவது, நம் சம்மதத்தோடு வேறு இடத்து ரிப்போர்ட்டை வாங்கிப் பார்ப்பது.

முதல் கட்டத்தோடு நின்றால் நமக்கு என்ன லாபம்? நம்பர் மட்டும் கையில் இருக்கும். ரத்தத்தை மறுபடி மறுபடி குத்தி எடுப்பார்கள். மூன்று கட்டமும் தேறினால்தான் தேறியதாக அர்த்தம் என்பேன் நான். அதுவும், அச்சடித்த மாதிரி அழகான மாதிரித் தகவலை வைத்துச் சோதித்தால் போதாது. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள், இனிஷியல் மாறிய பெயர், வெளிநாட்டு அளவுகள் என்று நிஜ வாழ்க்கைக் குழப்பங்களை வைத்தும் சோதிக்க வேண்டும். சாஃப்ட்வேரை மாற்றும்போதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. அடுத்த முறை ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் தயங்காமல் கேளுங்கள்: "எங்க பழைய ரிப்போர்ட் உங்க கம்ப்யூட்டர்ல வருமா? இங்க எடுக்கிறது வேற ஆஸ்பத்திரிக்குப் போகுமா?"

'வரும், போகும்' என்று உறுதியான பதில் கிடைக்கும்வரை, அந்தப் பழைய மஞ்சள் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!