சென்னையின் பயிற்சியாளர் தேடல்

2014-இல் தொடங்கிய சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர்களாக மார்கோ மாட்டெராஸ்ஸி 2015-இலும், ஜான் கிரிகோரி 2018-இலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்று தந்தனர். 2019-இல் தொடக்கத் தோல்விகளால் கிரிகோரி விலகினார். பாதி வழியில் பொறுப்பேற்ற ஓவன் காயில், பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணியை இறுதி ஆட்டம்வரை இழுத்துச் சென்றார். அவசரத் தேர்வு எப்போதுமா பலிக்கும்? பின்வந்த லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் மூவருமே நிலைக்கவில்லை; 2023-இல் காயிலையே திரும்ப அழைக்க நேர்ந்தது. 2025-இல் பொறுப்பு கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் வந்தது. இந்தியருக்கு இது தாமதமான வாய்ப்புதான். அடுத்த தேடலின்போது கோப்பைக் கணக்கோடு இன்னொரு தகுதியும் பார்க்கப்பட வேண்டும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன்மலைப் பள்ளி மைதானங்கள்வரை ஆள் அனுப்பி வீரர்களைத் தேடும் அக்கறை.

– வாசகர், கள்ளக்குறிச்சி