மணிவிழாவும் வெளிநாட்டுப் பயணமும்

அறுபது வயது நிறைவென்றால் நம் இல்லங்களில் இன்று எழும் முதற்கேள்வி, "எந்த நாட்டுக்கு?" என்பதே. சிங்கப்பூரா, துபாயா, உரோமையா? பிள்ளைகள் முடிவு செய்கின்றனர். வட்டிக்குப் பணம் வாங்குகின்றனர். விழா நாயகரை மட்டும் எவரும் கேட்பதில்லை. நாற்பதாண்டுகள் குழித்தறியில் மிதிகட்டை மிதித்து ஆரணிப் பட்டு நெய்தவரின் முழங்கால்களை எண்ணிப் பார்த்தோமா? எட்டு நாளில் ஐந்து நகரங்களுக்கு அவரை ஓடவைப்பதா நாம் செய்யும் சிறப்பு?

ஆரணிக்கு அண்மையிலேயே திருமலை இருக்கிறது. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயில், பாறையில் செதுக்கிய 16 அடி உயர நேமிநாதர், கங்கைவரை சென்ற முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளைக் கூறும் கல்வெட்டு. இவற்றைக் காணாமலே அறுபதைக் கடந்தோர் நம்மில் எத்தனை பேர்! சமணர் மலைக்குக் கத்தோலிக்கர் போகலாமா என முணுமுணுப்போரும் உண்டு. பிற சமயங்களிலுள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே அறிவித்துவிட்டது. படியேற இயலாதவர் அடிவாரத்தில் உள்ளதைக் கண்டு திரும்பலாம். அங்கே அவசரப்படுத்துவார் இல்லை.

"எங்கும் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன்" என்று தாய் சொன்னால்? பயணச்சீட்டு வாங்குமுன் அதையும் கேட்டுவிடுவோம்.