‘தாய் தெரியவில்லை’: கடல் கடக்கும் தத்தும் கோப்பில் இல்லாத தாய்மாரும்

சுவிட்சர்லாந்தின் சூரிச், துர்காவ் ஆகிய இரு மாநில அரசுகள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆய்வாளர்கள் சிலர் பழைய தத்துக் கோப்புகளைப் புரட்டினர். 1973 முதல் 2002 வரை இந்தியாவிலிருந்து அந்நாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 2,200க்கும் மேற்பட்டோர். ஆய்வாளர்கள் எடுத்துப் படித்த கோப்புகளில் பெற்ற தாயின் ஒப்புதல் கடிதம் ஒன்றுகூட இல்லை. சுவிஸ் சட்டம் அந்த ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருந்தும் இல்லை. 2024இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு அவர்கள் வைத்த தலைப்பு ‘தாய் தெரியவில்லை’ என்பது.

தெரியவில்லை என்பது ஒரு தகவலா, ஒரு முடிவா? நாடு விட்டு நாடு செல்லும் தத்தெடுப்பைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஏழைப் பெண் ஒருத்தியைத் ‘தெரியாதவளாக’ ஆக்குவது இந்நாட்டில் கடினமான காரியமன்று. அவள் சேரியிலோ தாண்டாவிலோ நடைபாதையிலோ வாழ்பவளாக இருந்தால் இன்னும் எளிது.

இன்றைய நடைமுறை அன்றுபோல் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிநாட்டினர் இந்தியக் குழந்தைகளைப் பெறுவதில் நடந்த முறைகேடுகளைச் சுட்டி வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய அத்தீர்ப்பின் சாரம்: குழந்தைக்கு முதலில் சொந்தக் குடும்பம், அது இயலாதபோது சொந்த நாட்டிலேயே வேறொரு குடும்பம், அதுவும் இயலாதபோதுதான் அயல்நாடு. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. இந்தியா அதை 2003இல் ஏற்றது. இப்போது சிறார் நீதிச் சட்டம் 2015, தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022 ஆகியவற்றின் கீழ், மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையப் பதிவு வழியாகவே எல்லாம் நடக்க வேண்டும்.

தத்துக் கேட்கும் வெளிநாட்டுத் தம்பதியர் கடக்கும் வழி நீளமானது. அவர்கள் நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வீட்டுக்கு வந்து, வருமானம், உடல்நலம், மனநிலை, குற்றப் பின்னணி அனைத்தையும் ஆராய்ந்து இல்ல ஆய்வு அறிக்கை எழுதுகிறது. இரு நாட்டு மைய அமைப்புகளும் ஒப்ப வேண்டும். பிறகு ஆணையத்தின் தடையின்மைச் சான்று, தத்து ஆணை, உடன்படிக்கைப்படி நடந்தது என்பதற்கான இணக்கச் சான்று, குழந்தையின் கடவுச்சீட்டு. முன்பு நீதிமன்றம் பிறப்பித்த தத்து ஆணையை 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். குழந்தை போய்ச் சேர்ந்த பின்னும் ஈராண்டுகள் கண்காணிப்பு அறிக்கைகள் வர வேண்டும். இவை அனைத்தும் தேவையானவை.

ஆனால் இத்தனை பக்கங்களும் குழந்தையைப் பெறுகிறவரைப் பற்றியவை. இழக்கிறவரைப் பற்றிய பக்கங்கள் எத்தனை?

கைவிடப்பட்டதாகக் கருதப்படும் குழந்தை குழந்தை நலக் குழுவின் முன் வைக்கப்படுகிறது. நாளிதழில் படத்துடன் அறிவிப்பு வெளியாகிறது, காவல்துறை விசாரிக்கிறது. இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட வயது என்றால் நான்கு மாதம். அதற்குள் எவரும் வராவிட்டால் ‘சட்டப்படி தத்துக்கு உரியது’ என்ற அறிவிப்பு வந்துவிடும். பெற்றவரே ஒப்படைத்தால், குழுவின் முன் கையெழுத்திட்ட நாளிலிருந்து மறுபரிசீலனை செய்ய இரண்டு மாதம். அந்த அறிவிப்புக்குப் பின் 60 நாட்களில் இந்தியாவிலோ வெளிநாடு வாழ் இந்தியரிடமோ குடும்பம் கிடைக்கவில்லையெனில், குழந்தை அயல்நாட்டவருக்கும் உரியதாகிறது. செங்கற்சூளைக்கோ கரும்பு வெட்டவோ ஆறு மாதம் ஊர்விட்டுப் போகும் குடும்பத்தின் நாட்காட்டியோடு இந்த நாட்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நாளிதழில் எந்த அறிவிப்பை அவர்கள் படிப்பார்கள்?

பழைய கதை என்று தள்ளிவிட முடியாத இரண்டு நிகழ்வுகள் நம் பக்கத்திலேயே உண்டு.

ஒன்று, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 1999லும் 2001லும் வெளிப்பட்டது. இன்றைய தெலங்கானாவில் உள்ள நல்கொண்டா மாவட்டத்தின் லம்பாடா தாண்டாக்களிலிருந்து பெண் குழந்தைகள் ஹைதராபாத்தின் தத்து இல்லங்களுக்கு வந்து சேர்ந்தன. லம்பாடாக்கள் அங்கே பட்டியல் பழங்குடியினர். மானாவாரி நிலம், கடன், வரதட்சிணை, மூன்றாவதாகவும் பெண் என்ற அச்சம். தரகர்கள் வீடு தேடி வந்தனர். தாயின் கையில் சில நூறு ரூபாய், அல்லது சில ஆயிரம். ஒப்படைப்புப் பத்திரத்தில் கைநாட்டு. அந்தப் பத்திரத்தைக் கொண்டு அயல்நாட்டுக்கு அனுப்பும்போது வசூலிக்கப்பட்டது டாலர். காவல்துறைச் சோதனைகளுக்குப் பின், வறுமையையோ பெண் குழந்தை என்பதையோ காரணமாகக் காட்டிப் பெற்றோர் குழந்தையை ஒப்படைப்பதை மாநில அரசு 2001இல் தடை செய்தது. தடை நல்லதுதான். ஆனால் அந்தத் தாண்டாக்களுக்கு நிலமும் நீரும் எந்த அரசாணையில் வந்தன?

அப்போது பல நாளேடுகள் ‘குழந்தையை விற்கும் தாய்கள்’ என்று எழுதின. வாங்கியவன் பெயர் தலைப்பில் வருவதில்லை. இந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை.

இரண்டாவது சென்னையில் நடந்தது. 2005இல் காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தபோது, புளியந்தோப்பு போன்ற உழைக்கும் மக்கள் பகுதிகளில் தெருவில் விளையாடிய குழந்தைகள் கடத்தப்பட்டு, ஒரு தத்து நிறுவனத்திடம் விற்கப்பட்டு, வெளிநாடுகளுக்குப் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. இங்கே தாய்மார் எதையும் ஒப்படைக்கவில்லை, தேடினார்கள். காவல் நிலையத்தில் ‘குழந்தையைக் காணோம்’ என்ற புகார். அதே நகரத்தின் வேறொரு கோப்பில் அதே குழந்தைக்கு ‘தாய் ஒப்படைத்தார்’ என்ற போலிப் பத்திரம். இரண்டு தாள்களும் சந்திக்கவே இல்லை. காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேரியிலிருந்து வரும் புகாரைக் காவல் நிலையம் எப்படி எதிர்கொள்ளும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தென்கொரியாவின் கதையும் இதே தடத்தில் செல்கிறது. அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில், பெற்றோர் உள்ள குழந்தைகளையும் அநாதைகள் எனப் பதிந்து அயல்நாடுகளுக்கு அனுப்பியதில் மனித உரிமை மீறல் நடந்துள்ளது என்றும் அதற்கு அரசே பொறுப்பு என்றும் கூறியது. நெதர்லாந்து 2021இல் அயல்நாட்டுத் தத்தை நிறுத்திவைத்து, 2024இல் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. வாங்கிய நாடுகளே தம் கணக்கைத் திறந்து பார்க்கின்றன. அனுப்பிய நாடான இந்தியா அப்படி ஒரு விசாரணையை இன்னும் அறிவிக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. இன்று இந்தியாவிலிருந்து அயல்நாடு செல்லும் குழந்தைகளில் பலர் மாற்றுத்திறன் கொண்டோர், வளர்ந்த பிள்ளைகள், பிரிக்கக் கூடாத உடன்பிறந்தோர். இவர்களுக்கே முன்னுரிமை தரலாம் என்று சட்டமும் சொல்கிறது. இந்தியத் தம்பதியர் இவர்களை வேண்டாம் என்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட, நோயற்ற, கூடுமானால் நிறமான குழந்தை வேண்டும். நம் மண்ணின் இந்தத் தேர்வுப் புத்தியை மறைத்துவிட்டு அயல்நாட்டவரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையன்று. நடக்க இயலாத ஏழு வயதுச் சிறுவனுக்கு இல்லத்தின் கூடத்தைவிட எங்கோ ஒரு வீடு மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்ணிக்கையும் இன்று பெரிதன்று. 2024-25இல் பதிவான மொத்தத் தத்துகள் 4,515. அவற்றில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தவை.

ஆகவே என் கேள்வி தத்துக்கு எதிரானதன்று. தத்துக்கு முந்திய அந்தச் சில மாதங்களைப் பற்றியது. வறுமை மட்டுமே ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மிடமும் மிஷன் வாத்சல்யா என்ற திட்டம் உள்ளது. குழந்தையைத் தன்னிடமே வைத்து வளர்க்கத் தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி செய்கிறது. அயல்நாட்டுத் தத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணமோ 5,000 டாலர். கைநாட்டு வாங்கப்படும் மேசையில், அந்த 4,000 ரூபாய்க்கான விண்ணப்பப் படிவமும் இருந்ததா என்பதை ஆணை பிறப்பிக்கும் ஆட்சியர் கேட்கிறாரா?

இங்கே சாதியைப் பேசியாக வேண்டும். பழைய இந்துச் சட்டத்தில் தத்துப்பிள்ளை அதே சாதியினனாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. திருமணத்திலும் தத்திலும் சாதித் தடையை நீக்க வேண்டும் என்று இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் முன்வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் சாதி ஒரு நிபந்தனையாக இல்லாமற்போனது அந்தப் போராட்டத்தின் விளைவு. குழந்தையின் நெற்றியில் சாதியை ஒட்டாதே என்ற அந்த நிலைப்பாட்டிலிருந்து ஓர் அங்குலமும் பின்வாங்கத் தேவையில்லை. ஆனால் குழந்தையை இழக்கும் குடும்பங்கள் எந்தச் சமூகத்தவை என்பதை எண்ணாமல் விடுவது வேறு. ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு, எத்தனை குழந்தைகள், ஆணா பெண்ணா, எந்த மாநிலம் என்று சொல்கிறது. ஒப்படைத்த தாய்மாரில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று சொல்வதில்லை. பெயரோ ஊரோ வேண்டாம், தொகை போதும். அதுகூட இல்லாதபோது, நல்கொண்டா மீண்டும் நடக்கவில்லை என்று எதைக் கொண்டு நம்புவது?

வளர்ந்து திரும்பி வருகிறவர்களும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். வேர்களைத் தேடும் உரிமையை ஒழுங்குமுறைகள் ஏற்கின்றன. ஆனால் தத்துப்பிள்ளைக்காக மூன்றாம் நபர் தேடுவதை அனுமதிப்பதில்லை. ஒப்படைத்த தாய் தன்னை வெளிப்படுத்த மறுத்தால் அவள் விருப்பமே மேலானது. அது நியாயம்; திருமணத்துக்கு வெளியே குழந்தை பெற்றவளின் உயிரைக்கூட இந்த மறைப்பு காக்கக்கூடும். ஆனால் புளியந்தோப்புத் தாய்மார் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் புகைப்படத்தோடு காவல் நிலைய வாசலில் நின்றவர்கள். கடத்தப்பட்ட குழந்தையின் கோப்பையும், விரும்பி ஒப்படைக்கப்பட்ட குழந்தையின் கோப்பையும் ஒரே இரகசிய முத்திரையின் கீழ் பூட்டி வைத்தால், அந்த முத்திரை காப்பது யாரை?

ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தை நலக் குழு இருக்கிறது. சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காக அங்கே போகிறார்கள். ஒப்படைப்புக்குக் காரணமாக வறுமை எழுதப்பட்ட கோப்புகள் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை, அவற்றில் எத்தனை குடும்பங்களுக்கு நிதி ஆதரவு முதலில் வழங்கப்பட்டது என்ற இரண்டு எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பெயர் கேட்காத அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்.