காடும் கழனியும்

காஞ்சி மாநகரின் மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாலுச்செட்டிசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே அமைந்தது திருப்புட்குழி. புள் என்பது பறவை. புள்ளைக் குழியில் இட்ட இடம் ஆதலின் புட்குழி ஆயிற்று. நிலைமொழியின் ஈற்றில் நின்ற ளகரம், வல்லினம் வருமிடத்து டகரமாகத் திரியும் என்பதை மாணவர் இலக்கண வகுப்பில் கற்றிருப்பர். இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது தலவரலாறு. விசயராகவப் பெருமாள் கோயிலின் திருக்குளம் இன்றும் சடாயு தீர்த்தம் என்றே வழங்குகின்றது. திருமங்கையாழ்வார் இத்தலத்தைப் பாடியுள்ளார்.

பறவை ஒன்றுக்கு, மகன் தந்தைக்குச் செய்யும் கடனைச் செய்தான் அப்பெருமகன். இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. அக்கடனை அவன் தன் கையாலேயே செய்தான். அயலிலே வாழ்ந்த குடியானவன் ஒருவனை அழைத்து, “விறகை நீ கொடு, செலவையும் நீயே ஏற்றுக்கொள், புண்ணியம் மட்டும் எனக்கு இருக்கட்டும்” என்று அவன் சொல்லவில்லை. நம் நாட்டில் காட்டு விலங்குகளைக் காக்கும் அறம், அவன் செய்யாத அவ்வகையிலேதான் பெரும்பாலும் நடைபெறுகின்றது என்பது என் கருத்து.

யானை எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. ஏரிப்பாசன வயலும், பட்டுத்தறியின் ஓசையும் உடைய நாடு இது. ஆதலின், விலங்கால் பயிரழியும் துன்பம் நமக்கு எட்டாத செய்தி என்று எண்ணிவிடலாகாது. இதே நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால், வேலூரையும் கிருட்டினகிரியையும் கடந்து ஒசூரை அடையலாம். அப்பக்கத்தில் தளி, தேன்கனிக்கோட்டை முதலிய ஊர்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில், கருநாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஒரு யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை உணவு கொள்ளும் என்பர். கூட்டமாக வந்தால் ஏழை உழவனின் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் தீர்ந்துவிடும். தகரத்தைத் தட்டியும், தீப்பந்தம் ஏந்தியும், பட்டாசு கொளுத்தியும் அவன் விடிய விடிய விழித்திருக்கின்றான். விடிந்தபின் உழவும் அவனுக்கு உண்டு, உறக்கந்தான் இல்லை.

இத்துன்பம் புதியதன்று. குறிஞ்சிநிலத்துத் தினைப்புனத்தில் கிளி கடிந்த மகளிரையும், பரண் அமைத்து இரவெல்லாம் யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்த ஆடவரையும் சங்கப் பாடல்களில் காண்கின்றோம். கவண், தட்டை, குளிர் என்று காவற்கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அது அன்றாடத் தொழிலாக இருந்தது. ஆயினும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அன்று தன் புனத்தைக் காக்கும் உரிமை முழுவதும் உழவனிடமே இருந்தது. 1972-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் யானையைக் கொல்லுதல் பெருங்குற்றம். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு சனவரியில் வகுத்த முறைப்படி, காட்டுப்பன்றியையும் உழவன் தானே சுடுதல் கூடாது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை அதனைச் சுட இசைவு இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும். அதற்கும் அப்பால் வனத்துறையினரே சுடலாம்.

இச்சட்டத்தை நான் குறை கூறேன். தந்தத்துக்காகவும் வேடிக்கைக்காகவும் விலங்குகளைக் கொன்று குவித்த நாடு இது. சட்டம் வாராதிருந்தால் யானையை நம் பேரப்பிள்ளைகள் கோயிற்றூணிலேயே கண்டிருப்பர். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2,961 யானைகள் இருந்தன; அடுத்த ஆண்டில் அது 3,063 ஆயிற்று. மகிழ வேண்டிய செய்தியே. ஆனால், காக்கும் உரிமையை உழவனிடமிருந்து எடுத்துக்கொண்ட அரசு, காவாததால் வரும் இழப்பையும் உடன் எடுத்துக்கொண்டதா? சட்டத்தின் ஒரு கூறு எனக்கு வியப்பளிக்கின்றது. இறந்து கிடக்கும் காட்டு விலங்கின் உடல் அரசின் உடைமை என்று அது கூறுகின்றது. யானை இறந்தால் தந்தம் அரசுக்கு உரியது. உயிரோடு வந்து கதிரைத் தின்றால் மட்டும் அது எவர்க்கும் உரியதன்று என்பது எந்த நீதியில் அடங்கும்?

தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், மனுநீதிச் சோழன் வரலாற்றை உரைக்குமிடத்து, அரசன் தன் குடிகளுக்குத் தீர்க்க வேண்டிய அச்சங்கள் ஐந்து என்கின்றார். தன்னால் வருவது, தன் ஏவலரால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது என்பன அவை. முதல் நான்கையும் எல்லா நாட்டு நூல்களும் கூறும். ஐந்தாவதை எண்ணி எடுத்துவைத்ததே அப்புலவரின் நுட்பம். விலங்கால் வரும் இழப்பைத் தீர்ப்பது அரசன் மனமுவந்து தரும் கொடையாக அங்கே வைக்கப்படவில்லை. கள்வரைப் பிடிப்பது போன்ற கடமையாகவே வைக்கப்பட்டுள்ளது.

அரசின் ஆவணங்களில் இத்தொகை ஒருபோது இழப்பீடு என்றும், ஒருபோது நிவாரணம் என்றும், ஒருபோது கருணைத்தொகை என்றும் வழங்கும். சொல்லில் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்பர். தமிழ் கற்பித்தே தலை நரைத்த எனக்குச் சொல்லில் எல்லாம் இருப்பதாகவே தோன்றுகின்றது. ஈடு என்றால் போனதற்குச் சமமாக வைப்பது. கருணை என்றால் கொடுப்பவர் மனம்போலக் கொடுப்பது. குறைந்தாலும் கேட்கவியலாது, தாழ்ந்தாலும் நோகவியலாது. பெயர் கருணையாக இருக்கும் வரையில் உழவன் அலுவலகத் திண்ணையில் இரவலனாகவே நிற்பான்.

செருமனி நாட்டின் வேட்டைச் சட்டத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கே காட்டுப்பன்றியோ மானோ பயிரை அழித்தால், அந்நிலப்பகுதியின் வேட்டையுரிமை எவரிடம் உள்ளதோ அவர்களே ஈடு செய்தல் வேண்டும். குத்தகைக்கு வேட்டையுரிமை பெற்றவர்கள் அப்பொறுப்பைத் தாங்கள் ஏற்பதும் உண்டு. உரிமை உள்ள இடத்திலேயே பொறுப்பும் இருக்கின்றது. நம் நாட்டில் அவ்வுரிமை எவர்க்கும் இல்லை. எல்லார் பெயராலும் அரசு விலங்கைக் காக்கின்றது. அங்ஙனமாயின், ஈடும் எல்லார் வரிப்பணத்திலிருந்தும் வருவதே முறை. சென்னையில் இருந்துகொண்டு யானையின் பெருமையைப் பேசுவோர்க்கு யானையால் ஒரு காசும் நட்டமில்லை. காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனோ எல்லார் பங்கையும் தனியே செலுத்துகின்றான்.

பயன் கண்ட இடத்தில் உழவர் சட்டத்துக்குக் காத்திருந்ததில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வேடந்தாங்கலே சான்று. அவ்வூர் ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் நெல்லுக்கு நல்லுரமாவதை அறிந்த ஊரார், அப்பறவைகளைத் தாமே காத்து வந்தனர். அவற்றைச் சுடவந்த ஆங்கிலப் படைவீரரைத் தடுக்க வேண்டி அவர்கள் முறையிட்டதன் பேரில், அன்றைய கலெக்டர் இலயனல் பிளேசு 1798-ஆம் ஆண்டில் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டார். நம் உழவன் உயிர்களுக்குப் பகைவன் அல்லன். அவனை அந்நிலைக்குத் தள்ளினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிகளைத் தடுப்பதற்காகச் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அத்தகைய வேலி குற்றமே. மனிதரும் அவற்றில் இறக்கின்றனர். ஆனால், பன்றி தின்ற பயிருக்கு உரிய ஈடு உரிய காலத்தில் கிடைக்கும் என்னும் உறுதி ஊர்தோறும் இருக்குமாயின், இரவில் கம்பியை இழுத்துக் கட்டும் கைகள் குறையும் அன்றோ?

இனி, அளவை எண்ணுவோம். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் ஏக்கருக்கு 25,000 ரூபாய் வரை பயிரிழப்புக்கு வழங்க விதி இருந்து வருகின்றது. வாழைத்தோட்டம் வைத்தவனுக்கு அவன் இட்ட முதலிலேயே இது சிறு பகுதி. யானை தானே வயலில் புகுந்தால், அதன் வாய் கொள்வதினும் கால் கெடுப்பதே மிகுதி என்பதைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உணர்த்தினார். அவர் வரி வாங்கும் முறைக்கு அதனை உவமையாக்கினார் என்பது உண்மையே. ஆயினும் வயலைப் பாராதவர் வாயில் அவ்வுவமை பிறந்திராது. இழப்பை அளக்க வருவோர் தின்ற கதிரை மட்டும் எண்ணுதல் போதாது. மிதிபட்ட பயிர், பிடுங்கப்பட்ட நீர்க்குழாய், சாய்ந்த வரப்பு ஆகியவற்றையும் எண்ணுதல் வேண்டும். காஞ்சியில் தறியில் அமர்ந்தவரைக் கேட்டால் இது எளிதில் விளங்கும். சேலையின் நடுவே ஒரு சாண் கிழிந்தால் ஒரு சாண் துணிக்கா நட்டம்? சேலை முழுவதும் அன்றோ விலை இழக்கின்றது!

அண்மையில் இரு நன்மைகள் நேர்ந்துள்ளன. மனிதரும் விலங்கும் மோதுவதால் வரும் கேட்டை இயற்கைப் பேரிடராகக் கருதுமாறு உச்சநீதிமன்றம் 2025 நவம்பரில் மாநிலங்களுக்கு உரைத்தது. பேரிடர் என்றால் உதவி விரைந்து வரும், ஆதலின் வரவேற்கலாம். எனினும் புயலுக்குக் காவலர் எவருமில்லை, யானைக்கு உண்டு என்னும் வேறுபாட்டை மறத்தலாகாது. அதே திங்களில் நடுவண் அரசு, 2026 கரீப் பருவம் முதல் காட்டு விலங்கால் வரும் இழப்பையும் பயிர்க்காப்பீட்டில் சேர்ப்பதாக அறிவித்தது. உழவன் 72 மணி நேரத்துக்குள் கைப்பேசிச் செயலியின் வழியே படத்துடன் தெரிவித்தல் வேண்டும். இதுவும் நன்றே. ஆனால் காப்பீடு என்பது உழவனும் பங்குத்தொகை கட்டிப் பெறுவது. அவன் அடிக்க முடியாத பன்றிக்கு அவனே பணம் கட்டுவதை முழு ஈடு என்று எங்ஙனம் சொல்வது?

பொய்க்கணக்கு எழுதுவோர் பெருகுவர் என்று சிலர் அஞ்சுகின்றனர். அதற்காக நூறு பேரைக் காக்க வைப்பதினும், மூன்று நாளில் வனச்சரகரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒருங்கே வந்து பார்த்துவிடுவது எளிது. யானையின் சுவடு பொய் சொல்லாது. உழவரே காட்டுவழிகளை அடைத்துப் பயிரிட்டனர் என்பாரும் உளர். அவ்வாறு செய்த இடங்கள் இருக்கலாம். வழியை அடைத்தவற்றுள் பெருங்கட்டடங்களும் இருப்புப்பாதைகளும் உண்டு என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லுதல் நலம்.

எஞ்சியது குத்தகையாளன் நிலை. ஈடு கேட்பவன் பட்டா, சிட்டா, அடங்கல் காட்டுதல் வேண்டும். பட்டா நிலக்கிழார் பெயரில் இருக்கும். அவர் வெளியூரில் இருப்பார். விதையும் எருவும் கூலியும் செலவிட்டுப் பரணில் கண்விழித்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இராது. பயிரை அழித்த யானை பட்டாவைப் பார்த்து வருவதில்லை. அடங்கலில் உண்மையில் பயிரிடுவோன் பெயரைப் பருவந்தோறும் எழுதி, அவன் கையிலேயே தொகையைச் சேர்ப்பிக்கும் வழியை வருவாய்த்துறையினர் முதலில் காணுதல் வேண்டும். அளவையும் காலத்தையும் பற்றிய பேச்சு அதன் பின்னர்.