அப்பாவுக்குப் போடியில் ஒரு சின்ன வீடு: எதைப் பார்த்து வாங்குவது?

பணி ஓய்வுக்கு ஓரிரு ஆண்டு இருக்கும்போதே பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. சென்னை வாடகை கட்டுப்படியாகாது. மதுரையிலும் நல்ல இடத்தில் மனை வாங்க முடியாது. அப்போ போடி பக்கம் சின்னதா ஒரு வீடு பார்த்தால் என்ன? மேற்கே மலை, ஏலக்காய் மணக்கும் கடைத்தெரு, மதுரைக்கு ரயில். யோசனை தப்பில்லை. பார்க்கும் முறைதான் பல நேரங்களில் தப்பாகிவிடுகிறது.

மனை விற்பவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: ‘வரப்போகுது’. ரோடு வரப்போகுது, ஆஸ்பத்திரி வரப்போகுது, காலேஜ் வரப்போகுது. 30 வயதுக்காரர் அதை நம்பி மனை வாங்கினால் காத்திருக்கலாம். 60 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு வேறு. அதைப் புரிந்துகொள்ள போடியைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

பொட்டிபுரத்தை எடுத்துக்கொள்வோம். போடி மேற்கு மலையடிவாரத்தில் உள்ள இந்தக் கிராமத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் நியூட்ரினோ ஆய்வகம். அம்பரப்பர் மலையைக் குடைந்து, 50 ஆயிரம் டன் இரும்பில் ஒரு கருவி வைக்கும் திட்டம். சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு உயர் நீதிமன்ற வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், மீண்டும் சுற்றுச்சூழல் அனுமதி, மீண்டும் வழக்கு. 2022-ல் தமிழ்நாடு அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சு இல்லை. மத்திய அரசே பணம் ஒதுக்கி அறிவித்ததுகூட ஏழு வருஷத்தில் மலைக்குள் ஒரு அடி நகரவில்லை என்பதுதான் விஷயம்.

வந்து சேர்ந்தவற்றின் கதையும் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது. சுமார் 90 கி.மீ. தூரம்தான். தேனி வரை ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. ‘இரண்டு மூன்று வருஷத்தில் ரயில் வந்துடும்’ என்று நம்பி 60 வயதில் வீடு வாங்கியவர், முதல் ரயிலில் ஏறும்போது 72-ஐத் தாண்டியிருப்பார்.

சரி, ரயில்தான் வந்துவிட்டதே?

வந்தது. ஆனா எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சேவை போடிக்கு நீட்டிக்கப்பட்டபோது அமைந்த நேரப்படி, தினசரி முன்பதிவில்லா ரயில் காலையில் மதுரையில் புறப்பட்டு போடிக்கு வரும். மாலையில் போடியிலிருந்து மதுரைக்குத் திரும்பும். மதுரைக்காரர் போடிக்கு வந்து வேலை முடித்துப் போக இது அருமையான நேரம். போடியில் இருக்கும் பெரியவர் மதுரையில் காலை 10 மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ரயிலால் பயன் இல்லை. மாலை ரயிலில் போனால் இரவு மதுரையில் தங்க வேண்டும். வாரம் மூன்று நாள் ஓடும் சென்னை ரயிலும் போடியில் கிளம்புவது இரவில்தான். பிள்ளைகளைப் பார்க்க அது வசதி, டாக்டரைப் பார்க்க அல்ல. ஆக, ‘மதுரைக்கு ரயில் இருக்கு’ என்ற வரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் கிடைப்பது பஸ்தான்.

மருத்துவத்தில் ஊர் அவ்வளவு மோசமில்லை. போடியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை உண்டு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, க.விலக்கில், போடியிலிருந்து சுமார் 25 கி.மீ. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் இருக்கிறது. சிக்கல் அவசரத்தில்தான். பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். போடி டவுனுக்குள் இருப்பவருக்கு அந்த நேரம் போதும். தோட்டத்துக்கு நடுவே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கி.மீ. மண் பாதையில் உள்ள ‘மலை பார்த்த வீட்டில்’ இருப்பவருக்கு, ஆம்புலன்ஸுக்கு வழி சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இன்னொன்றையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த வீட்டில் என்றாவது ஒருநாள் இருவரில் ஒருவர் தனியாகத்தான் இருக்கப்போகிறார். பெரும்பாலும் அம்மா. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாமல் இருக்கலாம். அப்போது மலைக் காட்சியைவிட, நடந்துபோகும் தூரத்தில் டவுன் பஸ் நிற்குமா, ரேஷன் கடையும் மருந்துக்கடையும் பக்கமா, எதிர்வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் அவர் வாழ்க்கை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021 முதல் நடைமுறை. ஆனால் வீட்டுப் பக்கம் பஸ் வந்தால்தானே அதற்கு மதிப்பு?

வீடு சின்னதாக இருப்பது நல்லது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தனியார் வேலையில் இருந்தவர்களுக்கு இ.பி.எஃப். பென்ஷன் குறைந்தபட்சம் 1,000 ரூபாய், பலருக்குச் சில ஆயிரங்கள்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் உச்சவரம்பு 30 லட்சமானது, அப்போது வட்டி 8.2 சதவீதம். அந்த வட்டியில் 10 லட்சம் போட்டால் மாதத்துக்கு 6,800 ரூபாய்க்கு மேல் வரும். மூன்றாவது பெட்ரூமுக்கும் மாடிக்கும் போகும் 10 லட்சம், மாதாமாதம் இந்த 6,800-ஐ இழப்பதற்குச் சமம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேரன் பேத்தி வந்து தங்க ஓர் அறைக்குக் கொடுக்கும் விலையாக அது அதிகம். அதோடு, முழங்கால் வலி வந்த பிறகு மாடிக்கு யாரும் ஏறுவதில்லை.

சென்னை ஃபிளாட்டை விற்றுவிட்டு வருபவர்கள் வரியையும் பார்க்க வேண்டும். விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டினால், நீண்டகால மூலதன லாபத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு புது வீட்டின் விலை அளவுக்குத்தான். லாபம் 40 லட்சம், போடி வீடு 25 லட்சம் என்றால், மீதி 15 லட்சத்துக்கு வரி வரும், குறிப்பிட்ட அரசுப் பத்திரங்களில் ஐந்து ஆண்டு முடக்கினால் தவிர. அந்த 25 லட்சம் வீட்டுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 2.25 லட்சம் தனி.

மலைச் சரிவில் மனை என்றால் பத்திரம்தான் முதல் வேலை. மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கிராமங்களில் வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து லேஅவுட் அனுமதி ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல் நின்றார்கள். ‘ஃபார்ம் பிளாட்’ என்ற பெயரில் வருவதை ஓய்வுக்கால வீடாக நினைக்கவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் ஊரிலேயே ஒரு எளிய வழி இருக்கிறது: ஒத்தி. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. முறையாகப் பதிவு செய்த ஒத்திப் பத்திரத்தோடு போடி டவுனுக்குள் ஒரு வருஷம் இருந்து பார்க்கலாம். சித்திரை வெயில், ஐப்பசி மழை, தண்ணீர் வரும் நாள், பவர் கட், தேனி ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் அலைச்சல் எல்லாம் தெரிந்துவிடும். பிடித்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் போன பணம் வட்டியும் பத்திரப் பதிவுச் செலவும் மட்டும்.

ரயில்வேயிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. புதுப் பாதை வேண்டாம், புது அறிவிப்பு வேண்டாம். பாதை ஏற்கெனவே போட்டாயிற்று. போடியிலிருந்து காலை ஆறு, ஆறரைக்கு ஒரு ரயில் மதுரைக்குக் கிளம்பி, மாலையில் திரும்பி வந்தால், மருத்துவமனைக்குப் போகும் பெரியவர்களோடு கல்லூரி மாணவர்களும் ஏறுவார்கள். அந்த ரயில் கால அட்டவணையில் ஏறும் வரை, மதுரைக்குப் பக்கம் என்று சொல்லி விற்கப்படும் போடி மனைக்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.