நம்ம ஆள் சரி, நம்ம கோப்பு எங்கே?

"ஏம்மா, ஜனாதிபதி ஓட்டு பதினெட்டாம் தேதின்றாங்க. பூத் சிலிப்பு இன்னும் வரலியே?"

2022 ஜூலையில் இரும்புலியூரில் ஒரு அக்கா என்னிடம் கேட்டது இது. ஒப்பந்தக்காரர் மூலம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தலுக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர். தாம்பரத்துக்கு ஒரு தலித் பெண் மேயராக வந்ததை இன்னமும் பெருமையாகச் சொல்பவர். "இதுல நமக்கு ஓட்டு இல்லக்கா, எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்தான் போடுவாங்க" என்றேன். "அப்ப எனக்கு எதுக்கு இதெல்லாம் அனுப்புறாங்க?" என்று போனை நீட்டினார்.

வாட்ஸ்அப்பில் வந்த படம். திரௌபதி முர்மு கையில் துடைப்பத்தோடு ராய்ரங்பூர் சிவன் கோயிலைப் பெருக்குகிறார். வேட்பாளராக அறிவிக்கப்பட்ட மறுநாள், ஜூன் 22ஆம் தேதி எடுத்தது. எளிமை, பக்தி என்று கீழே நாலு வரி. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம மாதிரி ஒரு பொம்பள வர்றாங்க, சந்தோஷம்தான். ஆனா துடப்பம் இல்லாத போட்டோ ஒண்ணுகூடவா கெடைக்கல?"

இந்தத் தேர்தலைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது எதுவும் இல்லை. கோயிலைப் பெருக்குவது முர்முவின் நம்பிக்கை, அவருடைய உரிமை. கேள்வி, படத்தைப் பரப்புகிறவர்களுக்கு. ஆசிரியராக வேலை பார்த்தவர், 1997இல் கவுன்சிலர், இரண்டு முறை எம்.எல்.ஏ., ஒடிசாவில் அமைச்சர், ஜார்க்கண்டில் ஆறு ஆண்டு ஆளுநர். இத்தனை இருக்க, பழங்குடிப் பெண் என்றதும் உங்கள் கண்ணுக்குத் துடைப்பம்தான் அழகாகத் தெரிகிறதா? நம் அம்மாக்கள் அதைக் கீழே வைப்பதற்காகத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள்.

இன்னொரு செய்தியும் அதே வாரத்தில் வந்தது. முர்மு பிறந்த உபர்பேடா கிராமத்தின் துங்குர்சாஹி குடியிருப்புக்கு அதுவரை மின்சாரம் இல்லை. அவர் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகு அவசர அவசரமாக மின்கம்பம் நட்டார்கள். அந்த மண்ணின் மகள் அமைச்சராக இருந்தபோது வராத கரண்ட், ஆளுநராக இருந்தபோது வராத கரண்ட், கேமராக்கள் ஊரைத் தேடி வரும் என்றதும் வந்துவிட்டது. ஒருவருக்குப் பதவி கொடுப்பதும் ஒரு சேரிக்கு விளக்கு கொடுப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதைச் சொன்னதும் எதிர்த்தரப்புத் தோழர்கள் மகிழ வேண்டாம். பவார் மறுத்தார், ஃபரூக் அப்துல்லா மறுத்தார், கோபாலகிருஷ்ண காந்தி மறுத்தார். அதன் பிறகும் உங்கள் பட்டியலில் ஒரு தலித், ஒரு பழங்குடி, ஒரு பெண் பெயர் வரவில்லை. வாஜ்பாய் ஆட்சியின் நிதி அமைச்சர் யஷ்வந்த் சின்ஹாதான் கிடைத்தார். இது ஆட்களின் போட்டியல்ல, கொள்கைப் போட்டி என்கிறார் அவர். நல்லது. ஆனால் சமூக நீதியும் கொள்கைதானே? ஜூன் 30ஆம் தேதி அவர் சென்னைக்கு வந்தபோது வரவேற்றவர்கள், இரண்டு நாள் கழித்து முர்மு வந்தபோது 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று கேலி செய்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனை மேல்சாதி ஆண்கள் வந்ததில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள்? ஒரு சந்தாலிப் பெண் வரும்போதுதான் இந்தச் சொல் நாக்கில் வருகிறது.

நம் ஆட்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2017 நினைவிருக்கிறதா? ராம்நாத் கோவிந்த், மீரா குமார், இருவருமே தலித்துகள். யார் ஜெயித்தாலும் நாம்தான் என்று பேசினோம். ஜூலை 25 அன்று கோவிந்த் பதவியேற்றார். அப்போது நீட் விலக்குக் கேட்டு நம் சட்டமன்றம் பிப்ரவரியில் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள் டெல்லியில் காத்திருந்தன. செப்டம்பர் 1 அன்று அரியலூர் குழுமூரின் அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய தலித் பெண். அதே செப்டம்பரில் அந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. அது நிராகரிக்கப்பட்டுவிட்டது என்பதையே 2019இல் உயர்நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பிறகுதான் நாம் தெரிந்துகொண்டோம்.

கோவிந்த் கெட்டவர் என்று சொல்லவில்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும், 74ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்பவும் அதே பிரிவு இடம் தருகிறது. கே.ஆர். நாராயணன் அதைச் செய்து காட்டினார். 1997 அக்டோபரில் உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார், குஜ்ரால் அரசு கைவிட்டது. முர்முவுக்கும் இது தெரியாததல்ல. 2017இல் ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, பழங்குடி நிலச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்களை அவர் தன் சொந்தக் கட்சி அரசுக்கே திருப்பி அனுப்பியவர். அங்கே ஆதிவாசிகள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். போராட்டம் இருந்ததால் கோப்பு திரும்பியது.

அம்பேத்கர் 1932லிருந்து சொல்லிவந்ததும் இதுதான். நம் பிரதிநிதி நம் ஓட்டில் வராமல் மற்றவர்கள் ஓட்டில் வந்தால், அவர் மற்றவர்களுக்குத்தான் பதில் சொல்வார். பூனா ஒப்பந்தத்தில் இழந்தது அந்த உரிமையைத்தான். ஆகவே 'நம்ம ஆள்' என்ற மகிழ்ச்சி இருக்கட்டும், அதை யாரும் கேலி செய்யவும் விடாதீர்கள். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு கேள்வியை முடித்துவிடாதீர்கள்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு ஓட்டு இல்லையா? நேரடியாக இல்லை. ஆனால் தாம்பரம் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 176. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.யின் ஓட்டுக்கு 2022இல் 700. இரண்டும் நம்மிடமிருந்து போனவை. இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது, வாக்குச் சீட்டு ரகசியம். யாருக்குப் போட்டார்கள் என்று நாம் பார்க்க முடியாது. போட்ட பிறகு என்ன கேட்டார்கள் என்று கேட்க முடியும்.

நீட் விலக்கு மசோதா 2022இல் மறுபடியும் டெல்லிக்குப் போனது. ஆளுநர் திருப்பி அனுப்பி, பிப்ரவரி 8 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, மே மாதம் அனுப்பப்பட்ட மசோதா. புதிய குடியரசுத் தலைவரின் மேசைக்கு அதுதான் போகவிருந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தி 2022இல் 72 ஆண்டு ஆனது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலுக்காக 2022 ஜூலையிலும் காத்திருந்தார்கள். பின்னவை இரண்டுக்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு வேட்பாளர்களுக்கும் ஓட்டுப் போடுகிற எம்.பி.க்களே, அங்கே இதைப் பேசுவீர்களா? முர்முவை ஆதரிக்கிறவர்களே, அவருடைய பிறப்பைக் காட்டி எங்களிடம் பேசுகிறீர்கள். அவருடைய கையெழுத்தைப் பற்றியும் பேசுங்கள்.

அக்காவின் இளைய மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அதற்கும் முதலில் நீட்டில் தேற வேண்டும். 2022 ஜூலை 17, ஞாயிறு அன்று பரீட்சை. மறுநாள் திங்கட்கிழமை ஜனாதிபதி தேர்தல். கோச்சிங்குக்குக் கட்டக் காசில்லை, பழைய புத்தகம் வாங்கிப் படிக்கிறாள்.

"அப்ப அந்தம்மா ஜெயிச்சா எம் பொண்ணு பேப்பர்ல கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டார் அக்கா.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அடுத்த முறை எம்.எல்.ஏ. உங்கள் தெருவுக்கு வரும்போது, தெருவிளக்கோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.